பூனைக்குட்டிக்குத் தடுப்பூசி: சேலத்தில் எங்கே இருப்பு இருக்கிறது?

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பூனை போன ஈற்றில் போட்ட மூன்று குட்டிகளும் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக இரண்டே நாளில் போய்விட்டன. பூனைகளுக்கு வரும் பான்லூக்கோபீனியா என்ற வைரஸ் நோய் என்றார் மருத்துவர். அந்தக் கிருமி வீட்டில் ஓராண்டு வரைகூடத் தங்குமாம். இப்போது விறகு அடுக்கின் பின்னால் ஒரே ஒரு குட்டி, 8 வாரம் ஆகிறது; இந்த நோயோடு சேர்த்து மூன்று நோய்களைத் தடுக்கும் முக்கூட்டு ஊசியின் முதல் தவணை போடும் வயது. விசாரித்த இரண்டு இடங்களிலும் நாய்க்கு உண்டு, பூனைக்கு இல்லை என்றார்கள்.

அஸ்தம்பட்டி, ஐந்து ரோடு பக்கம் யாரிடம் இருப்பு இருக்கிறது? 3, 4 வாரம் கழித்து அடுத்த தவணையும் அங்கேயே கிடைக்குமா? வெறிநோய் ஊசியை அன்றைக்கே சேர்த்துப் போடுவார்களா?

ஒரு ஊசிக்காக 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். தாய்ப்பூனை மூன்றாவது வளைவிலேயே கூடைக்குள் வாந்தி எடுத்துவிடும், குட்டி எப்படியோ! வெறுங்கையோடு திரும்பாமல் இருக்கத்தான் கேட்கிறேன்.