கேலி செய்ததையே அடுத்து தானும் செய்யும் போன் கம்பெனிகள்: இந்தப் போட்டியில் நமக்கு என்ன கிடைக்கிறது?

கம்பிச்சுருள்:

வணக்கம். கொஞ்ச நாளாக உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன்.

நானும் என் தம்பியும் புது போன் செய்திகளை ஒன்றுவிடாமல் படிப்பவர்கள். அவன் ஆப்பிள் கட்சி, நான் சாம்சங் கட்சி. பல வருடச் சண்டை. போன வாரம் அவனை மடக்க ஒரு பழைய விளம்பரத்தைத் தேடினேன். 2017 நவம்பரில் சாம்சங் வெளியிட்டது. ஓர் இளைஞன் வருடக்கணக்கில் ஐபோனோடு அல்லாடுவான், ஹெட்போன் மாட்ட ஒரு குட்டி வயரைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பான், கடைசியில் கேலக்ஸிக்கு மாறுவான். 2016-ல் ஐபோன் 7-ல் ஹெட்போன் ஜாக்கை எடுத்ததற்கான குத்தல் அது. அப்போது அதை எத்தனை பேருக்கு அனுப்பினேன் என்று கணக்கே இல்லை.

தேடினால், 2019 ஆகஸ்டில் கேலக்ஸி நோட் 10 ஜாக் இல்லாமல் வந்த சமயத்திலேயே சாம்சங் தன் சேனலிலிருந்து அந்த விளம்பரத்தை எடுத்துவிட்டது என்று பழைய செய்தி ஒன்று சொல்கிறது. படித்ததும் முகம் சுருங்கிவிட்டது.

சார்ஜர் விஷயமும் இதேதான். 2020 அக்டோபரில் ஐபோன் 12 பெட்டியில் சார்ஜர் கிடையாது என்று ஆப்பிள் சொன்னதும், சாம்சங்கின் ஒரு பேஸ்புக் பக்கம் சார்ஜர் படத்தைப் போட்டு, கேலக்ஸியோடு சேர்ந்தே வரும் என்று எழுதியது. 2021 ஜனவரியில் கேலக்ஸி எஸ்21 சார்ஜர் இல்லாமல் வந்தது. ஷாவ்மி இன்னும் வேகம். அதே அக்டோபரில், நாங்கள் பெட்டியிலிருந்து எதையும் எடுக்கவில்லை என்றது. டிசம்பர் முடிவதற்குள் மி 11 பெட்டியில் சார்ஜர் இருக்காது என்று அறிவித்தது.

இவர்களில் யாரை நம்பி நாங்கள் இத்தனை வருடம் சண்டை போட்டோம்? இந்தப் போட்டியால் வாங்குகிறவனுக்கு நிஜமாகவே ஏதாவது நன்மை உண்டா? உண்டென்றால் செய்தியில் அதை எப்படி அடையாளம் கண்டுகொள்வது?

இரவுவாசகன்:

என்னைக் கேட்டால் முக்கால்வாசி மேடை நாடகம்தான்.

2011 ஏப்ரலில், தன் போனைக் காப்பியடித்துவிட்டதாக ஆப்பிள் அமெரிக்காவில் சாம்சங் மேல் வழக்குப் போட்டது. 2012 ஆகஸ்டில் நடுவர் குழு சுமார் 105 கோடி டாலர் நஷ்டஈடு என்றது. பிறகு மேல்முறையீடு, உச்ச நீதிமன்றம், மறு விசாரணை என்று இழுத்து 2018 ஜூனில் சமரசமாகப் போனார்கள். வழக்கு ஆரம்பித்தபோது ஐபோன் 4-க்குள் இருந்த ஏ4 சிப்பைத் தயாரித்துக் கொடுத்தது சாம்சங். வழக்கு முடிவதற்கு முந்தைய வருடம் வந்த ஐபோன் எக்ஸின் ஓஎல்இடி திரையும் சாம்சங் தயாரிப்புதான். கோர்ட்டில் எதிரி, ஃபேக்டரியில் பங்காளி.

கூகுள் கதையும் அப்படித்தான். ஆண்ட்ராய்டும் ஐபோனும் பரம வைரி என்று நாம் நினைக்கிறோம். ஆப்பிளின் பிரவுசரான சஃபாரியில் கூகுள் தேடல் தானாக வருவதற்காக 2022-ல் மட்டும் 2,000 கோடி டாலரை கூகுள் ஆப்பிளுக்குக் கொடுத்தது. அமெரிக்க அரசு கூகுள் மேல் போட்ட வழக்கில்தான் இது வெளியே வந்தது. அவர்களே இவ்வளவு ஒட்டி உறவாடும்போது அண்ணனும் தம்பியும் எதற்கு முறைத்துக்கொள்ள வேண்டும்?

பழுதுமேசை:

ரெண்டு பேர் சொல்றதும் சரிதான். ஆனா எல்லாமே நாடகம்னு முடிச்சுட வேணாம்.

நான் பதினாலு வருஷமா போன் ரிப்பேர் பண்றேன். ஒரு போனோட அறிமுக விழா எனக்கு முக்கியமே இல்லை. அது நாலாவது வருஷம் என் மேசைக்கு எந்த நிலைமையில வருதுங்கறதைத்தான் பார்ப்பேன்.

கொஞ்ச நாள் முன்னாடி ஒருத்தர் வந்தார். சார்ஜ் ஏறல, வயரை ஒரு பக்கமா அழுத்திப் பிடிச்சாதான் ஏறுது. ஏதோ புது மாடல் அறிவிச்ச வாரம் அது. மனசுக்குள்ள அவர் ஏற்கெனவே புதுசு வாங்கியாச்சு, இதுல இருக்கற படங்களை மட்டும் எடுத்துக் குடுங்கன்னார். போனை ஆஃப் பண்ணிட்டு, மெல்லிசா சீவின பல்குச்சியை சார்ஜிங் போர்ட்டுக்குள்ள விட்டு ஓரத்தை மெதுவா வழிச்சேன். பேன்ட் பாக்கெட் பஞ்சு. ஒவ்வொரு தடவை வயர் சொருகும்போதும் உள்ள தள்ளித் தள்ளி, கம்பளி மாதிரி கெட்டியாகியிருந்தது. மிளகு அளவு ஒரு உருண்டை வெளியே வந்து விழுந்தது. அப்புறம் வயரை வச்சா டக்குனு உட்கார்ந்தது. அவர் பேசாம அந்தப் பஞ்சையே பார்த்துட்டு இருந்தார்.

எல்லாம் இப்படி பல்குச்சியில முடிஞ்சுடாது. ஒரு அம்மா கொண்டுவந்த போன், பேர் வேணாம், பெரிய கம்பெனிதான். டிஸ்ப்ளேல ஒரு கீறல் இல்லை, அவ்வளவு பத்திரமா வச்சிருந்தாங்க. ஆனா பேங்க் ஆப் திறக்க மாட்டேங்குது. இந்த ஆண்ட்ராய்டு பதிப்புல இனி வேலை செய்யாதுன்னு வருது. ரெண்டே ரெண்டு அப்டேட் குடுத்துட்டு கம்பெனி கைகழுவிட்டுப் போயிடுச்சு. ஸ்க்ரூ டிரைவரை வச்சுக்கிட்டு அதுல நான் என்ன பண்ண முடியும்? உடம்புல ஒரு கோளாறும் இல்லாத போனை, இனி இது ஆகாதும்மான்னு திருப்பிக் குடுத்தது எனக்கு இன்னும் ஆறல.

அதனாலதான் சொல்றேன், ஒரு நல்ல போட்டி நடந்தது இந்த இடத்துலதான். 2023 அக்டோபர்ல தன்னோட பிக்சல் 8 போனுக்கு ஏழு வருஷம் அப்டேட்னு கூகுள் சொன்னது. அதுக்கு முந்தின பிக்சல் 7-க்கு ஆண்ட்ராய்டு பதிப்பு மூணு வருஷம்னுதான் அப்ப சொல்லியிருந்தாங்க. அடுத்த 2024 ஜனவரியிலயே சாம்சங் கேலக்ஸி எஸ்24-க்கு அதே ஏழு வருஷத்தைச் சொல்லிட்டாங்க. கேமரா எத்தனை மெகாபிக்சல்னு நாம அடிச்சுக்கிட்டதுல பத்துல ஒரு பங்காவது இதுக்குப் பேசியிருக்கணும்.

இன்னொண்ணு. இவங்களுக்கு நிஜமான எதிரி அடுத்த கம்பெனி இல்லை, உங்க பாக்கெட்ல இருக்கற பழைய போன். நான் சும்மா சொல்லல. பேட்டரி தேஞ்ச ஐபோன்களோட வேகத்தைக் குறைக்கறோம்னு 2017 டிசம்பர்ல ஆப்பிள் ஒத்துக்கிச்சு. திடீர்னு ஆஃப் ஆகாம இருக்கத்தான் அப்படிச் செஞ்சோம்னு விளக்கம். தேஞ்ச பேட்டரியால திடீர்னு கேக்கற கரண்ட்டைக் குடுக்க முடியாது, போன் அணைஞ்சுடும், அது வாஸ்தவம்தான். ஆனா அதை வாங்கினவங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். கூச்சல் வந்ததும் 79 டாலரா இருந்த பேட்டரி மாத்தற கட்டணத்தை 2018 முழுக்க 29 டாலரா குறைச்சாங்க. ஜனங்க வரிசையில நின்னு மாத்திக்கிட்டாங்க. 2019 ஜனவரியில ஆப்பிள் தலைமை அதிகாரி டிம் குக் முதலீட்டாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஐபோன் விற்பனை எதிர்பார்த்த அளவு இல்லைங்கறதுக்குச் சொன்ன காரணங்கள்ல இந்தக் குறைஞ்ச கட்டண பேட்டரியும் ஒண்ணு. பேட்டரி மாத்தினதும் பழசு நல்லாவே ஓடுதுன்னு ஜனங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு!

அந்தக் கடிதத்தைப் படிச்சதுலேர்ந்து எந்த போன் செய்தி வந்தாலும் எனக்கு ஒரே கேள்விதான்: இது இப்ப இருக்கற போனோட ஆயுசைக் கூட்டுதா, குறைக்குதா? ஜாக்கை எடுத்தா நல்ல ஹெட்போன் வீணாகுது. பேட்டரியைப் பசை போட்டு ஒட்டினா, மாத்தறதுக்குள்ள எனக்கே வேர்த்துடும். ஹீட் கன்னால பின்மூடியைச் சூடாக்கி, மெல்லிசான பிளாஸ்டிக்கைச் சுத்திலும் ஓட்டித் திறக்கணும். அதுக்கு அப்புறம் பேட்டரிக்கு அடியில இருக்கற நாடாவை ஒரே நிதானத்துல இழுக்கணும். பாதியில அறுந்துச்சுன்னா பேட்டரியை நெம்பித்தான் எடுக்கணும், மடங்கினா தீப்பிடிக்கக்கூடிய பொருள் அது.

ஒளிச்சதுரம்:

பழுதுமேசை அண்ணே, கேமராவை இவ்வளவு லேசாகத் தள்ளிவிடாதீர்கள். 2018 நவம்பரில் கூகுள் பிக்சலில் நைட் சைட் கொண்டுவந்தது. ஃபிளாஷ் போடாமல், விளக்கு மங்கிய அறையில் முகம் தெரிகிற மாதிரி படம் வந்தது. 2019-ல் ஐபோன் 11-ல் அதே வசதி வந்துவிட்டது. குழந்தை தூங்கும்போது எடுத்த படங்கள் என்னிடம் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. போட்டி இல்லாவிட்டால் அவை எனக்குக் கிடைத்திருக்காது.

சார்ஜரை எடுத்ததும் தப்பில்லை என்பது என் எண்ணம். வீட்டு டிராயரில் எத்தனை கிடக்கின்றன!

பழுதுமேசை:

நைட் சைட் விஷயம் ஒத்துக்கறேன் தம்பி. குழந்தை படம்னா நான் வாதாடவே மாட்டேன்.

சார்ஜர்ல மட்டும் ஒரு சின்னத் திருத்தம். ஐபோன் 12 பெட்டியில இருந்த வயரோட ஒரு முனை யுஎஸ்பி சி. அதுக்கு முன்னாடி வந்த பெரும்பாலான ஐபோன்களோட குடுத்தது பழைய அகல யுஎஸ்பி போட்ட 5 வாட் சார்ஜர். டிராயர்ல கிடந்ததுல புது வயர் சொருகவே முடியாது. குப்பை குறையணும்னு நினைச்சிருந்தா முதல்ல வயரை ஒண்ணாக்கியிருக்கணும்.

அதைக் கடைசியில செஞ்சது எந்தப் போட்டியும் இல்லை, சட்டம். ஐபோன் 5-ல 2012-ல வந்த லைட்னிங்ங்கற ஆப்பிளோட தனி சார்ஜிங் போர்ட் 2023-ல ஐபோன் 15 வந்தப்பதான் போச்சு. 2024 டிசம்பர் 28 முதல் புதுசா விக்கற போன் எல்லாத்துலயும் யுஎஸ்பி சி இருக்கணும்னு ஐரோப்பிய ஒன்றியம் 2022-லயே சட்டம் போட்டதுதான் காரணம். போன வருஷம், 2025 ஜூன் 20-லேர்ந்து இன்னொரு விதியும் அங்க அமலுக்கு வந்தாச்சு: 800 தடவை முழுசா சார்ஜ் ஏத்தி இறக்கினாலும் பேட்டரியோட கொள்ளளவுல 80 சதவீதமாவது மிச்சம் இருக்கணும், ஒரு மாடலை விக்கறதை நிறுத்தினாலும் ஏழு வருஷத்துக்கு முக்கியமான உதிரி பாகம் கிடைக்கணும், அஞ்சு வருஷத்துக்கு அப்டேட் வரணும். அன்னிக்கு அந்த அம்மாவுக்கு இது இருந்திருந்தா அந்த போன் இன்னும் அவங்க கையில இருந்திருக்கும்.

கம்பிச்சுருள்:

இதைப் படித்துவிட்டு தம்பியை உட்காரவைத்து இரண்டு போனின் செட்டிங்ஸையும் திறந்தேன். என்னுடையதில் கடைசிப் பாதுகாப்பு அப்டேட் வந்து ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. நான் கவனிக்கவே இல்லை. அவனுடையதில் அப்டேட் சரியாக இருக்கிறது, ஆனால் பேட்டரியின் ஆரோக்கியம் 74 சதவீதம் என்று காட்டுகிறது, மதியத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. புதுசு வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தான். பேட்டரி மட்டும் மாற்றினால் போதுமா அண்ணே? திரையின் ஒரு ஓரம் லேசாகத் தூக்கினாற்போல் இருக்கிறது, அதுதான் பயமாக இருக்கிறது.

பழுதுமேசை:

ஓரம் தூக்கியிருக்குன்னா பெரும்பாலும் பேட்டரி உப்பிடுச்சுன்னு அர்த்தம். முதல்ல அதை விரலால அழுத்தி உட்காரவைக்கப் பார்க்காதீங்க. இனிமே சார்ஜ் போட வேணாம், இருக்கற சார்ஜ்லயே படம், நம்பர் எல்லாத்தையும் வேற இடத்துல காப்பி எடுத்துட்டு ஆஃப் பண்ணிடுங்க. தலைமாட்டுல வச்சுத் தூங்க வேணாம், வெயில் படற இடமும் வேணாம்.

ரிப்பேருக்குக் குடுக்கும்போது சார்ஜ் 25 சதவீதத்துக்குக் கீழ இருந்தா நல்லது, திறக்கறவங்களுக்கும் ஆபத்து குறைவு. எந்த பேட்டரி போடறாங்கன்னு முன்னாடியே கேட்டுக்கோங்க. உப்பின பேட்டரி திரையை ரொம்ப நாள் தள்ளியிருந்தா திரையோட ரிப்பன் கேபிள் சேதமாகியிருக்கலாம், அதையும் பார்க்கச் சொல்லுங்க. அது நல்லா இருந்தா பேட்டரி மட்டும் போதும், தம்பி தாராளமா இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டலாம். உங்க போன் எந்த மாடல், அதைச் சொல்லுங்க, அப்டேட் எதுவரைக்கும்னு பார்க்கலாம்.