வளைந்த காலை நேராக்கித்தான் மூட்டு வைக்க வேண்டுமா?

உவர்மலை மகள்:
அம்மாவுக்கு 68 வயது. அடுத்த மாதம் வலது முழங்காலில் மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை. காலை முழுதாக நேராக்கி விடலாம் என்கிறார் வைத்தியர். ஆனால் அம்மாவின் கால்கள் இளவயதிலேயே வில் மாதிரித்தான், அம்மம்மாவுக்கும் அப்படியே. நேராக்கினால் பிழையாகிவிடாதா?

நிலாவெளியான்:
நேராகத்தான் வைக்க வேண்டும் தங்கச்சி. இடுப்பு மூட்டின் நடுவிலிருந்து கணுக்கால் நடுவுக்கு இழுக்கும் கோடு முழங்கால் நடுவால் போனால்தான் பாரம் சமமாக இறங்கும். சாய்ந்தால் செயற்கை மூட்டின் உட்பக்கப் பிளாஸ்டிக் தேயும், அதன் கீழ்த்தட்டு இளகும். எனக்கு இப்படி வைத்து 11 வருடம். கோணேசர் கோயில் ஏற்றத்தை நடந்தே ஏறுகிறேன்.

கிண்ணியா இயன்மருத்துவர்:
அண்ணா, உங்கள் கால் முதலே நேராக இருந்திருக்கலாம். பெல்ஜியத்தில் மூட்டு நோயே இல்லாத இளைஞர்களை அளந்து 2012 இல் வெளியிட்டார்கள். ஆண்களில் 32 சதவீதத்துக்கும் பெண்களில் 17 சதவீதத்துக்கும் 3 பாகையோ அதற்கு மேலோ இயல்பான வில் வளைவு.

இன்னொன்று. கணைக்கால் எலும்பின் மேல்தளம் சராசரியாக 3 பாகை உட்பக்கம் சரிந்திருக்கும், தொடையெலும்பின் கீழ்முனை எதிர்ப்பக்கம் சரிந்து ஈடுகட்டும். பழைய முறையில் இரண்டையும் அச்சுக்குச் செங்குத்தாக வெட்டுவார்கள். வில்லுக் காலில் அப்போது எலும்புகளைப் பிணைக்கும் உட்பக்க நார் இறுகும். சமப்படுத்த நாரைத் தளர்த்த வேண்டி வரும். பிறந்ததிலிருந்து அந்த நீளத்துக்குப் பழகிய நார் அது!

நிலாவெளியான்:
சரி, நோயாலும் கால் வளையும்தானே? 10 பாகை வளைந்ததை அப்படியே விடுவீங்களா?

கிண்ணியா இயன்மருத்துவர்:
இல்லை. தேய்ந்த குருத்தெலும்பின் தடிப்பைக் கணக்கில் சேர்த்து, தேய முன்பிருந்த கோணத்துக்குக் கொண்டுபோவதுதான் நோக்கம். அதற்கும் எல்லை வைப்பவர்கள் உண்டு: முழுக் காலும் நேர்கோட்டிலிருந்து 3 பாகைக்குள், மூட்டுத்தளச் சரிவு 5 பாகைக்குள். அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை மூட்டு மாற்றிய 398 முழங்கால்களை ஆராய்ந்து 2010 இல் வெளியிட்டதில், 3 பாகைக்குள் நேராக வைத்தவை 15 வருட முடிவில் மற்றவற்றைவிடக் கூடுதலாக நிலைக்கவில்லை.

நிலாவெளியான்:
அதே ஆய்வுதான், ஒவ்வொருவருக்கும் உகந்த கோணம் தெளிவாகும்வரை நேர்கோடு நியாயமான இலக்கு என்றும் எழுதியது. அதையும் சொல்லுங்கோ தம்பி.

கிண்ணியா இயன்மருத்துவர்:
உண்மை, எழுதியிருக்கிறார்கள். நான் கேட்பது, வெட்ட முன் அந்த ஆளின் காலை அளக்க வேண்டும் என்பதைத்தான். தங்கச்சி, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை நின்றபடி எடுத்த எக்ஸ்ரே இருக்கிறதா? தேயாத மற்றக் காலும் அதில் வேண்டும். பழைய கோணத்தை அது காட்டும்.

உவர்மலை மகள்:
முழங்கால் படம் மட்டும்தான், அதுவும் படுக்க வைத்து எடுத்தது. இடது காலில் வலியே இல்லை. புதன்கிழமை கிளினிக், அப்போது கேட்கிறேன்.