ராணுவச் சமையல்காரராக இருந்த அப்பாவுக்கு நினைவு மலர்: எதை வைத்து எழுதுவது?

திண்டுக்கல் மகள்:
அப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சமையல்காரர். 1979ல் சேர்ந்து 2001ல் ஹவில்தாராக ஓய்வு பெற்றார். அடுத்த மாதம் முதலாண்டு நினைவு நாள், எட்டுப் பக்கத்தில் மலர் போடுகிறோம். டிரங்குப் பெட்டியில் டிஸ்சார்ஜ் புக், சில பதக்கங்கள், ஒரு கட்டு இன்லண்ட் லெட்டர், மணியார்டர் துண்டுகள் இருக்கின்றன. வேலையைப் பற்றி அவர் வீட்டில் பேசியதே இல்லை. லடாக்கில் இருந்தார் என்பது மட்டும் தெரியும். "தேச சேவை செய்தார்" என்று ஒரே வரியில் முடிக்க மனசில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பழைய கிளார்க்:
டிஸ்சார்ஜ் புக்தான் முதலில். ஆர்மி நம்பர், சேர்ந்த தேதி, டிரேட், கடைசி ரேங்க், பதக்கங்கள் எல்லாம் அதில் இருக்கும். டிரேட் என்பது அவர் பார்த்த வேலையின் பிரிவு, அந்தப் பதிவை முழுசாகப் படியுங்கள். ஜவான்களின் லங்கரில், அதாவது பொதுச் சமையற்கூடத்தில், சமைப்பதும் ஆபீஸர் மெஸ்ஸில் சமைப்பதும் வேறு வேறு வேலை. கம்பெனி லங்கர் என்றால் ஒரு வேளைக்கு ஏறக்குறைய 120 பேர்.

கல்யாணம் ஆனாலும் குழந்தை பிறந்தாலும் யூனிட்டில் பார்ட் டூ ஆர்டர் போடுவார்கள், குடும்ப விவரத்தைச் சர்வீஸ் பதிவில் ஏற்றும் உத்தரவு அது. அது விட்டுப்போனால் பின்னால் குடும்பப் பென்ஷனில் சிக்கல் வரும். அதனால் பொறுப்பான தகப்பன் ஊரிலிருந்து பிறப்புச் சான்றிதழை வரவழைத்து முதல் வேலையாக அதை முடிப்பார். உங்கள் பிறந்த தேதிக்கும் ஆர்டர் தேதிக்கும் எத்தனை நாள் இடைவெளி என்று பாருங்கள்.

விவரம் குறைந்தால் நீலகிரி வெலிங்டனில் உள்ள ரெஜிமென்ட் ரெக்கார்ட்ஸுக்கு (ஆவண அலுவலகம்) அம்மா பெயரில் எழுதுங்கள். ஆர்மி நம்பர், இறப்புச் சான்றிதழ் நகல், பிபிஓ (பென்ஷன் உத்தரவு) நகல் மூன்றும் இணைக்க வேண்டும். நம்பர் இல்லாத கடிதம் அப்படியே கிடக்கும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனு எழுத உதவுவார்கள். பதில் வர நாளாகும், மலரை அதற்காக நிறுத்தாதீர்கள்.

பனிமலை லங்கர்:
லடாக் என்றால் சமையலே வேறு. மலரில் ஒரு பக்கம் இதற்கு ஒதுக்குங்கள். படிப்பவர்களுக்கு இது தெரியாது.

லடாக்கின் லே நகரம் 3,500 மீட்டர் உயரம். தண்ணீர் அங்கே 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். 18,000 அடி போஸ்ட்டில் 82 டிகிரிதான். திறந்த பாத்திரத்தில் ராஜ்மாவும் கொண்டைக்கடலையும் எவ்வளவு நேரம் கொதித்தாலும் உள்ளே கல்லாகவே இருக்கும், எரிபொருள்தான் தீரும். அதனால் எல்லாமே பிரஷர் குக்கர். அதிலும் ஊரில் 120 டிகிரி என்றால் அந்த உயரத்தில் 112ஐத் தாண்டாது. விசில் கணக்கு செல்லாது, பருப்புக்கே நேரம் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகும். பயறை இரவில் ஊறப்போட்டால் தண்ணீர் உறைந்துவிடும், கூடாரத்தைச் சூடாக்கும் புகாரி அடுப்புக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். குளிரில் கேஸ்கட் விறைத்து ஆவி ஒழுகும், மாட்டுமுன் வெந்நீரில் போட்டெடுக்க வேண்டும்.

தண்ணீர் அதைவிடப் பாடு. புதுப் பனி பத்து வாளி உருகினால் ஒரு வாளி தேறும். காலி டேக்சாவில் (பெரிய சமையல் பாத்திரம்) பனியைக் கொட்டித் தீ மூட்டினால் அடி காய்ந்து கருகி, டீயெல்லாம் புகை நாற்றம் அடிக்கும். அடியில் இரண்டு மக் தண்ணீர் விட்டுப் பனியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். சமைக்கச் செலவாகும் மண்ணெண்ணெயைவிடப் பனி உருக்கச் செலவாவதுதான் அதிகம்.

பம்ப் ஸ்டவ் பர்னரைச் சூடாக்காமல் பம்ப் அடித்தால் எண்ணெய் ஆவியாகாமல் மஞ்சள் தீயாக எழும்பும், கூடாரம் முழுக்கக் கரி. குளிருக்குப் பயந்து வாசலை முழுசாக மூடினால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். இதையெல்லாம் பார்த்துக்கொண்டு விடியும்முன் எல்லோருக்கும் சூடாக டீ கொடுப்பவர்தான் லங்கர் ஆள். சமையல்காரர் என்றாலும் ரைபிள் பயிற்சி முடித்தவர், சென்ட்ரி டியூட்டியும் உண்டு. அதையும் எழுதுங்கள்.

தபால் முத்திரை:
கடிதக் கட்டைத் தேதி வாரியாக அடுக்குங்கள். அனுப்புநர் முகவரியில் 56 ஏபிஓ (ராணுவத் தபால் நிலையம்) என்றால் வடக்கு, மேற்குப் பக்கம். 99 ஏபிஓ என்றால் கிழக்கு: அசாம், நாகாலாந்து, அருணாசலம் போல. முத்திரையில் இருக்கும் எஃப்பிஓ (களத் தபால் நிலையம்) எண்ணை ஊர்ப் பெயராக எடுத்துக்கொள்ளாதீர்கள். படை நகர்ந்தால் அந்தத் தபால் நிலையமும் எண்ணோடு கூடவே நகரும்.

மணியார்டர் துண்டை அசட்டை செய்யாதீர்கள். செய்தி எழுத அதில் நாலு விரல் இடம்தான். "பெரியவளுக்கு ஃபீஸ் கட்டு, மீதி அரிசிக்கு" என்பது போலத்தான் எழுதியிருப்பார். பாசமுள்ள தகப்பன் என்று நீங்கள் எழுதுவதைவிட, அப்படி ஒரு துண்டை அதே அளவில் அச்சடித்தால் போதும். ஒரு தாளில் நெடுக்காக மூன்று பத்தி போடுங்கள்: வருஷம், அவர் இருந்த இடம், அப்போது வீட்டில் நடந்தது. எதை எழுதுவது என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். லேமினேஷன், செலோடேப் வேண்டவே வேண்டாம். மடிப்பை ஈரத் துணியால் நீவினால் மை ஊறிவிடும்.

திண்டுக்கல் மகள்:
நன்றி. மூன்றாவது பத்தியை அம்மாவிடம் கேட்டு நிரப்புகிறேன். பதக்கங்கள் கறுத்திருக்கின்றன, பிராஸோ போடலாமா?

பழைய கிளார்க்:
வேண்டாம். விளிம்பில் நம்பர், ரேங்க், பெயர் பொறித்திருக்கும், தேய்க்கத் தேய்க்க அது அழியும். மெல்லிய உலர் துணி போதும். விளிம்பைச் சாய்ந்த வெளிச்சத்தில் படம் எடுத்தால் எழுத்து தெரியும். ரேங்க் சிப்பாய் என்று இருந்தால் தவறில்லை, பதக்கம் கிடைத்தபோது அந்த ரேங்கில் இருந்திருப்பார்.

22 வருஷ சர்வீஸுக்கு 9 ஆண்டு, 20 ஆண்டு நீண்ட சேவைப் பதக்கங்கள் இரண்டும் இருக்க வேண்டும். 1997ல் சர்வீஸில் இருந்ததால் சுதந்திரப் பொன்விழாப் பதக்கமும் சேரும். சைன்ய சேவா பதக்கத்தின் ரிப்பனில் உலோகப் பட்டை இருந்தால் அதில் பகுதியின் பெயர் இந்தியில் இருக்கும், அதைக் கடிதங்களோடு ஒத்துப் பாருங்கள். 9,000 அடிக்கு மேல் மொத்தம் 180 நாள் இருந்தவர்களுக்கு உயர்மலைப் பதக்கம் உண்டு. சியாச்சின் பதக்கம் அதிலிருந்து வேறு. டிஸ்சார்ஜ் புக்கில் பதிவு இருந்து பதக்கம் மட்டும் பெட்டியில் இல்லையென்றால், ரெக்கார்ட்ஸுக்கு எழுதும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.