சுழற்பூச்சில் பி3எச்டி படலம் ஓட்டைகளோடு வருகிறது: உதவி தேவை

அல்லி
வணக்கம். டிரான்சிஸ்டர் செய்வதற்காகச் சிலிக்கன் வில்லையின் மேல் பி3எச்டி என்ற குறைகடத்திப் பொருளின் கரைசலை விட்டுச் சுழற்றினால், படலம் ஒன்றாகப் பரவாமல் ஓட்டைகளோடு காய்கிறது. வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்துவிட்டேன். மாதிரிகளை விரைவில் அளவிட வேண்டியிருப்பதால் வழி சொல்லுங்கள்.

நுண்நோக்கி
கரைப்பான் எது, செறிவு என்ன, வில்லையின் மேலுள்ள ஆக்சைடு அடுக்கின் மேற்பரப்பில் ஏதேனும் பூசியிருக்கிறீர்களா என்பவற்றைத் தெரிவியுங்கள். ஓட்டைகள் வட்டமாக இருக்கின்றனவா, அல்லது ஒரு துகளிலிருந்து வெளிநோக்கி வால்போல் நீள்கின்றனவா?

வடிகட்டி
கரைசலை வடிகட்டாததுதான் காரணம் என்பேன். ஆறிய கரைசலில் பி3எச்டி சங்கிலிகள் திரளும்போது ஆரஞ்சு நிறம் கருத்துவரும். சூடாக்கி, 0.45 மைக்ரான் பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) வடிகட்டியில் செலுத்திய உடனேயே சுழற்றுங்கள்.

வெற்றிடம்
மென்படலம் பற்றிய பாலபாடத்தைப் படித்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. வெற்றிடக் கலத்தில் பென்டசீன் என்ற சிறு மூலக்கூறுக் குறைகடத்தியை ஆவியாக்கி, குவார்ட்ஸ் படிகத் தடிமன்மானியைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் படியவிட்டால் கரைப்பான் தொல்லையே இல்லை. ஓஎல்இடி திரைகளும் பெரும்பாலும் அவ்வாறே உருவாகின்றன.

நுண்நோக்கி
ஐயா, பி3எச்டி ஒரு பாலிமர். ஆவியாவதற்கு முன்பே அது சிதைந்துவிடும் என்பதால் அந்த வழி இவருக்குப் பயன்படாது. பென்டசீனிலும் மேற்பரப்பின் தன்மைக்கேற்பப் படிகத்துகள்களின் அளவும் வடிவமும் மாறுகின்றன என்பதால், வெற்றிடத்துக்குப் போனாலும் மேற்பரப்பைக் கவனிக்காமல் இருக்க முடியாது.

வெற்றிடம்
மாறுவதை மறுக்கவில்லை. ஆனால் அடி வில்லையின் வெப்பநிலையையும் படியும் வேகத்தையும் தனித்தனியே கட்டுப்படுத்த முடிவது வெற்றிட முறையில்தான். கரைசல் முறையில் உலர்தலும் படிகமாதலும் ஒரே நேரத்தில் நடந்து முடிந்துவிடுகின்றன.

அல்லி
குளோரோபென்சீன், மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம். ஆக்சைடின் மேல் ஓ.டி.எஸ். (நீண்ட கார்பன் சங்கிலியுள்ள சிலேன் என்ற மேற்பூச்சு மூலக்கூறு) அடுக்கு இருக்கிறது. ஓட்டைகள் வட்டமானவை. கரைசலை வடிகட்டிப் பார்த்தும் பயனில்லை.

நுண்நோக்கி
அப்படியானால் இது துகள் குறை அல்ல, கரைசல் மேற்பரப்பில் ஒட்டாமல் பின்வாங்குவதுதான். ஓ.டி.எஸ். அடுக்கின் மேற்பரப்பு ஆற்றல் மிகக் குறைவு. குளோரோபென்சீனின் மேற்பரப்பு இழுவிசையோ அதைவிட அதிகம், கொதிநிலையும் 131 °செ. அளவில் இருப்பதால் மெதுவாகவே உலர்ந்து, சுருங்குவதற்கு வேண்டிய அவகாசத்தைப் படலத்துக்குக் கொடுத்துவிடுகிறது. 61 °செ.யில் கொதிக்கும் குளோரோஃபார்ம் பின்வாங்குவதற்குள் உலர்ந்துவிடும், ஆனால் சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கிக்கொள்ள நேரம் குறையும். கரைப்பானை மாற்ற விருப்பமில்லையெனில் எச்.எம்.டி.எஸ். என்ற வேறொரு மேற்பூச்சையோ ஃபினைல் (பென்சீன் வளைய) முனையுள்ள சிலேனையோ பூசிப் பாருங்கள். ஓ.டி.எஸ். பூசியபின் புற ஊதா–ஓசோன் மட்டும் வேண்டாம்; அது அந்த அடுக்கையே அரித்துவிடும்.

அல்லி
குளோரோஃபார்மில் ஓட்டை இல்லை. நன்றி.

வடிகட்டி
படலத்தை நைட்ரஜனில் சூடாக்கிப் பதப்படுத்தினீர்களா? எந்த வெப்பநிலையில்? மின்னூட்ட இயக்கத்திறன் (படலத்தில் மின்னூட்டம் எவ்வளவு எளிதாக நகர்கிறது என்ற அளவு) எவ்வளவு வந்தது என்பதையும் சொல்லுங்கள்.