டிராக்கில் நாலாவது சுற்றிலேயே பிரேக் பெடல் உள்ளே போகிறது: காலிப்பர் மாற்றணுமா?

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. வண்டி 1,300 கிலோ எடையுள்ள ரெண்டு சீட்டர், பின்சக்கர டிரைவ். எஞ்சின், பிரேக் எல்லாம் கம்பெனியில் வந்தபடியே. டிராக் டேயில் (சொந்த வண்டியை ரேஸ் டிராக்கில் ஓட்டும் நாள்) ஒரு செஷன் 20 நிமிஷம். முதல் மூணு சுற்று பிரேக் கச்சிதமாகப் பிடிக்கிறது. நாலாவது சுற்றில் மணிக்கு 180 கி.மீ.-லிருந்து 80-க்கு இறக்க வேண்டிய வளைவில் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கி, பாதிக்கு மேல் உள்ளே போகிறது. ரெண்டு தடவை மிதித்து விட்டால் கொஞ்சம் மேலே வரும். அரை மணி நேரம் ஆறவிட்டாலும் காலையில் இருந்த உறுதி திரும்புவதில்லை. கசிவு இல்லை. முன் பேட் (டிஸ்க்கை உரசிப் பிடிக்கும் பட்டை) 8 மி.மீ. கனம் இருக்கிறது. பிரேக் ஆயில் டாட் 4, மாற்றி ரெண்டு வருஷம். பெரிய டிஸ்க், ஆறு பிஸ்டன் காலிப்பர் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) போட்டால்தான் தீருமா?

பதில் 1:
காலிப்பருக்கு இப்போது காசைக் கொட்டாதீர்கள். ஆயில் கொதித்திருக்கிறது. பேட் சூடேறிப் பிடி விட்டிருந்தால் பெடல் கல் மாதிரி இருக்கும், வண்டிதான் நிற்காது. பெடல் உள்ளே போனால் லைனில் ஆவிக் குமிழ் இருக்கிறது என்று அர்த்தம். நீங்கள் மிதிக்கிற மிதி அந்தக் குமிழை நசுக்கவே சரியாகிவிடுகிறது.

180-லிருந்து 80-க்கு இறக்கும் ஒவ்வொரு முறையும் உங்கள் வண்டி சுமார் 1.3 மெகாஜூல் ஆற்றலை இழக்கிறது. அதில் பெரும்பங்கு டிஸ்க்கில்தான் வெப்பமாக இறங்கும். பிரேக் ஆயிலோ காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 4 தரத்துக்குக் குறைந்தபட்சக் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் 155. ரெண்டு வருஷ ஆயில் இந்த ரெண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. உலர் கொதிநிலை (ஈரம் சேராத புது ஆயிலின் கொதிநிலை) 300-க்கு மேல் குறிப்பிட்ட ரேஸ் ஆயில், சீல் உடைக்காத டப்பாவாக வாங்குங்கள். அவற்றை வருஷத்துக்கு ஒரு தடவையாவது முழுசாக மாற்றணும். சிலிகான் வகையான டாட் 5 பக்கமே போக வேண்டாம். பழைய ஆயிலோடு சேராது, ஏபிஎஸ் உள்ள வண்டிக்கும் ஆகாது.

ஒன்று மட்டும் சொல்லுங்கள்: பின் பேட் எவ்வளவு இருக்கிறது? முன்னால் மட்டும்தான் அளந்திருக்கிறீர்கள்.

கேட்டவர்:
இப்போதுதான் வீலைக் கழற்றிப் பார்த்தேன். பின்னால் ரெண்டு பக்கமும் 3 மி.மீ. தான்! பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் லேசாக உதறவும் செய்கிறது. முன் டிஸ்க்கில் பேட் வடிவத்திலேயே ஒரு கருநீலத் திட்டு தெரிகிறது.

பதில் 1:
அப்படியென்றால் கொதித்தது பெரும்பாலும் பின் காலிப்பரில்தான். பேட் தேயத் தேய டிஸ்க்குக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் வெப்பத்தைத் தடுக்க ஒன்றுமில்லாமல் போகும். 3 மி.மீ. பேடோடு டிராக்கில் இறங்கக் கூடாது. புதிய பேடின் கனத்தில் பாதி தேய்ந்ததுமே மாற்றிவிடுங்கள்.

முன்னால் 8 இருக்கும்போது பின்னால் மட்டும் ஏன் தேய்ந்தது? வளைவை விட்டு வெளியே வரும்போது ஆக்சிலரேட்டரைச் சீக்கிரம் அழுத்தினால், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் பின் பிரேக்கைத் தானாகப் பிடித்து வண்டியை நேராக்கும். டாஷில் அந்த மஞ்சள் விளக்கு மினுக்கும் ஒவ்வொரு முறையும் நீங்கள் மிதிக்காமலே பின் டிஸ்க் சூடாகிறது. அதற்காக அந்தக் கன்ட்ரோலை அணைக்க வேண்டாம். விளக்கு எரியாத அளவுக்குக் காலைப் பொறுமையாகக் கொடுங்கள். காலிப்பர் நகர்ந்து கொடுக்கும் ஸ்லைடு பின்னையும் (ஊசி) பாருங்கள். உள்பக்கப் பேடுக்கும் வெளிப்பக்கப் பேடுக்கும் தேய்மானம் வித்தியாசமாக இருந்தால் அந்த ஸ்லைடு பின் இறுகியிருக்கலாம்.

அந்தக் கருநீலத் திட்டு, சூடான டிஸ்க்கில் பேட் அழுந்தி நின்றதால் ஒட்டிய பேட் பொருள். செஷன் முடிந்து வண்டியை நிறுத்தியதும் பிரேக்கை மிதித்தபடி உட்காரக் கூடாது, ஹேண்ட்பிரேக்கும் போடக் கூடாது. கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

பதில் 2:
ஆயில் மாற்றும்போது லைனில் உள்ள காற்றை வெளியேற்றும் (ஏர் எடுக்கும்) வேலையில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள், அதனால் விவரமாகவே சொல்கிறேன். ஒரு லிட்டர் ஆயில் வைத்துக்கொள்ளுங்கள். ரிசர்வாயரில் (ஆயில் தொட்டி) உள்ள பழையதைச் சிரிஞ்சால் உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்றுங்கள். காலிப்பரில் ஆயிலை வெளியே விடும் நிப்பிளில் கண்ணாடி மாதிரித் தெளிவான டியூபை மாட்டி, மறுமுனை பாட்டிலில் கொஞ்சம் ஆயிலுக்குள் மூழ்கியிருக்கட்டும். உள்ளே இருப்பவர் பெடலை மெதுவாக அழுத்தட்டும், நீங்கள் நிப்பிளைக் கால் சுற்று திறந்து, அவர் காலை எடுப்பதற்கு முன்பே மூடுங்கள். மூடும் முன் கால் எடுத்தால் காற்று உள்ளே போய்விடும்.

பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டு வையுங்கள். பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரில் தினசரி ஓட்டத்தில் பிஸ்டன் போகாத ஆழத்தில் அழுக்கும் துருவும் படிந்திருக்கும். பெடலைத் தரைவரை அழுத்தினால் அது சீலைக் கிழிக்கலாம். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பதற்கு உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலையே பின்பற்றுங்கள். டியூபில் டிகாக்‌ஷன் நிறத்தில் வருவது வெளிறிய தேன் நிறமாக மாறும், அதற்குப் பிறகும் நாலைந்து மிதி விடுங்கள். நடுவில் ரிசர்வாயர் மினிமம் கோட்டுக்குக் கீழே இறங்க விடாதீர்கள், காலியாகிக் காற்று உள்ளே போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று போயிருந்தால் ஸ்கேன் டூல் (வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கருவி) இல்லாமல் பெரும்பாலும் வெளியே வராது. பெயின்ட் மேல் சொட்டினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

கேட்டவர்:
நன்றி. புது பேட் போட்டதும் நேராக டிராக்குக்குப் போகலாமா?

பதில் 1:
கூடாது. முதலில் புது பேடைப் பழக்கணும். ஆளில்லாத இடத்தில் 100-லிருந்து 20-க்கு எட்டு, பத்து தடவை அழுத்தமாகப் பிடியுங்கள், எந்தத் தடவையும் முழுசாக நிறுத்தாமல். பிறகு பிரேக் தொடாமல் பத்து நிமிஷம் ஓட்டி ஆறவிடுங்கள். பேட் கம்பெனி வேறு முறை சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. டிஸ்க்கில் ஒரே சீரான சாம்பல் படலம் வந்தால் போதும். அதற்குள் லேசான திட்டு இருந்தாலும் போய்விடும். போகாவிட்டால் டிஸ்க்கை மாற்றணும்.

பதில் 3:
ஓட்டும் விதத்தையும் சேர்த்துப் பாருங்கள். பயத்தில் 200 மீட்டருக்கு முன்பே தொட்டுத் தடவிக்கொண்டு வந்தால் பேடும் ஆயிலும் வெப்பத்தில் கிடக்கும் நேரம்தான் கூடும். நேர்ப்பாதையிலேயே உறுதியாகப் பிடித்து, வளைவு நெருங்க நெருங்க விடுங்கள். அப்படி மிதிக்க உட்காரும் விதம் சரியாக இருக்கணும்: பெடலை முழுசாக அழுத்தும்போதும் முழங்கால் மடங்கியே இருக்கணும். அஞ்சு சுற்றுக்கு ஒரு சுற்று மெதுவாக ஓட்டி ஆறவிடுங்கள், கடைசிச் சுற்றில் பிரேக்கையே கூடுமானவரை தொடாதீர்கள். உள்ளே வந்து ஆறியதும் வீல் நட்டை, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சில் மேனுவல் அளவுக்குச் சரிபாருங்கள்.

புது ஆயிலும் டிராக் பேடும் போட்டு, இப்படி ஓட்டியும் பெடல் இறங்கினால், முதலில் டிஸ்க்கின் நடுப்பகுதிக்குக் காற்றுக் குழாய் இழுங்கள். பெரிய காலிப்பர் பற்றி அதற்கு அப்புறம் பேசலாம்.