கோர் டம்ப் சேமிப்புக்குச் சோதனை: கோப்பு திறந்தால் போதுமா?

ஊசிமுனை:
ஓடும் நிரலின் கோர் டம்பை (அந்தக் கணத்தில் அதன் நினைவகமும் நிலையும் அடங்கிய கோப்பு) டீபக்கரே (பிழை தேடும் கருவி) சேமித்துத் தரும் வசதிக்கு எங்கள் குழுவில் தானியங்கிச் சோதனை இருக்கிறது. கோப்பு உருவானதா, திரும்பத் திறக்கிறதா, இவ்வளவுதான் பார்க்கிறது. எனக்கு இது போதவில்லை. போன மாதம் அப்படித் தேறிய ஒரு டம்பைத் திறந்தேன். நிரலின் மூன்று த்ரெட்களும் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் இழைகள்) பட்டியலில் இருந்தன. இரண்டாவதற்குப் போய் பேக்ட்ரேஸ் (எது எதை அழைத்து இங்கே வந்தது என்ற பட்டியல்) கேட்டால் ஒரே ஒரு ஃப்ரேம், அதாவது ஒரே ஒரு அழைப்பு. ரெஜிஸ்டர்கள் (செயலிக்குள் இருக்கும் மதிப்புகள்) எல்லாம் சரி. அந்த த்ரெட்டின் ஸ்டாக் (அழைப்புகளின் விவரம் இருக்கும் நினைவகப் பகுதி) மட்டும் கோப்பில் ஏறவே இல்லை.

நள்ளிரவு:
சரி, ஆனால் இந்தச் சோதனை ஒவ்வொரு கமிட்டுக்கும் (நிரலில் பதிவாகும் ஒவ்வொரு மாற்றத்துக்கும்) ஓட வேண்டும். முழு நினைவகத்தையும் எழுதி ஒப்பிட்டால் சோதனை மெஷினின் டிஸ்க் தாங்காது. முகவரிகள் வேறு ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும். எதை விடையென்று எழுதி வைப்பீர்கள்? இன்று தோற்று நாளை தேறும் சோதனையைக் குழுவில் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஊசிமுனை:
விடையை முன்கூட்டி எழுதவே வேண்டாம். நிரலை ஒரு பிரேக்பாயின்ட்டில் (முன்பே குறித்த இடத்தில்) நிறுத்தி, பேக்ட்ரேஸையும் ரெஜிஸ்டர்களையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். சேமித்து, நிரலை முடித்துவிட்டு, கோப்பைத் திறந்து ஒப்பிடுங்கள். ஜிடிபி டீபக்கரில், டம்பைச் சேமிக்கும் ஜிகோர் கட்டளைக்கான சோதனை இதைத்தான் செய்கிறது. முழு நினைவகமும் தேவையில்லை. ஒவ்வொரு த்ரெட்டிலும் ஸ்டாக் பாயின்டரிலிருந்து (ஸ்டாக்கின் நுனி முகவரி) சில நூறு பைட்கள் போதும்.

கோர்வை:
எந்த நினைவகத்தை ஒப்பிடுகிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். லினக்ஸில், எந்த நினைவகப் பகுதிகள் டம்பில் சேரும் என்று சொல்லும் கோர்டம்ப் ஃபில்டரின் இயல்பு மதிப்பு ஹெக்ஸில் 33. அதன்படி, இயங்கு கோப்பிலிருந்து ஏற்றி மாறாமல் இருக்கும் பக்கங்கள் பெரும்பாலும் டம்பில் சேர்வதில்லை. ஜிகோரும் அதையே பின்பற்றும். நீங்கள் ஒரு மாறிலி அட்டவணையைப் படித்துப் பார்த்தால், டீபக்கர் அதை டிஸ்கில் உள்ள இயங்கு கோப்பிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடும். டம்பில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் சோதனை தேறும். ஹீப்பில் (நிரல் ஓடும்போது கேட்டு வாங்கும் நினைவகம்) ஓடும்போது நிரப்பிய பைட்களை வைத்துப் பாருங்கள். அப்புறம், எழுதிய டீபக்கரே வாசிக்கவும் செய்தால், இரண்டு பக்கமும் ஒரே தவறு இருப்பது தெரியவே தெரியாது. வேறொரு கருவியாலும் ஒருமுறை திறக்க வேண்டும்.

நள்ளிரவு:
ஹீப், ஸ்டாக் ஒப்பீட்டை ஒத்துக்கொள்கிறேன். அது சில நொடி வேலைதான். வேறு கருவியை ஒவ்வொரு கமிட்டிலும் நிறுவ முடியாது. அதன் பதிப்பு மாறினால் எங்கள் சோதனை உடையும். தினசரி இரவு ஓட்டத்தில் வைக்கலாம்.

ஊசிமுனை:
இரவு ஓட்டம் எனக்குச் சம்மதம். மூன்று த்ரெட் உள்ள சின்ன நிரலும் ஒப்பீட்டுச் சோதனையும் நாளை அனுப்புகிறேன். இரண்டாவது த்ரெட்டின் ஸ்டாக்கை வேண்டுமென்றே விட்டுவிட்டுச் சேமித்தும் பாருங்கள். அப்போது சோதனை தோற்றால்தான் அதை ஏற்றுக்கொள்ளுங்கள்.