லேமினேஷனுக்கு 'மடிப்படுக்கு' சரிப்படுமா?

வணக்கம். குரோசான் (பிறை வடிவ, அடுக்கடுக்கான வெண்ணெய் ரொட்டி) மாவு செய்யும் முறைக்குத் தமிழ்ச் சொல் தேடும் பேச்சில் வந்த கேள்வி இது:

> மாவையும் வெண்ணெயையும் மடித்துத் தேய்க்கும் லேமினேஷனுக்குப் 'பன்னடுக்கு' என்றாலே போதுமே?

ஐயா, பன்னடுக்கு மற்ற ஊர்களில் எடுபடலாம், மதுரையில் கஷ்டம். பன் பரோட்டா இங்கே ஊரறிந்த பண்டம், அதனால் பேக்கரிக்குள் போய்ப் பன்னடுக்கு என்றால் பன்னை அடுக்கிவைத்த ஏதோ ஒன்று என்றுதான் காதில் விழும். லேமினேஷன் என்றே விட்டுவிடலாம் என்று இந்தப் பேச்சில் சொன்ன இன்னொரு தம்பியின் யோசனையும் எனக்கு ஒப்பவில்லை. ஜெராக்ஸ் கடையில் சான்றிதழுக்குப் பிளாஸ்டிக் உறை போடுவதுதான் நம் ஆட்களுக்கு லேமினேஷன்.

கே.கே. நகர் பக்கம் ஒரு கஃபேயில் ஜப்பானியச் சுவையில் குரோசான் போடுகிறார்கள். போன வாரம் மச்சா (ஜப்பானியத் தேயிலைப் பொடி) கிரீம் வைத்தது ஒன்று, கறுப்பு எள் வைத்தது ஒன்று வாங்கினேன். எள்தான் பிரமாதம், வறுத்து அரைத்த எள்ளின் லேசான கசப்பு வெண்ணெய் மணத்தோடு கலந்து வருகிறது, இனிப்பும் அளவோடு இருந்தது. குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஒன்றோடொன்று ஒட்டாத மெல்லிய ஏடுகள், நடுநடுவே காற்றறைகள். இந்த ஏடுகள் எப்படி உண்டாயின என்பதைச் சொல்லே காட்ட வேண்டும் என்பது என் கட்சி.

வெண்ணெய்ப் பாளத்தை மாவுக்குள் பொதிந்து தேய்த்து மூன்றாக மடிக்கிறார்கள், குளிரவைத்து மறுபடி தேய்த்து மறுபடி மடிக்கிறார்கள், இப்படி மூன்று முறை செய்தால் 27 வெண்ணெய் அடுக்கு. ஓவனுக்குள் போனதும் வெண்ணெயிலும் மாவிலும் உள்ள நீர் ஆவியாகி ஏடுகளைத் தூக்கிவிடுகிறது. பரோட்டாவிலும் அடுக்கு உண்டு, ஆனால் அது எண்ணெய் தடவி வீசிச் சுருட்டுவதால் வருவது. வெறும் 'அடுக்கு மாவு' என்று வைத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும், ஆகவே மடிப்பு சொல்லுக்குள் இருந்தே ஆக வேண்டும். மாவுக்கு 'மடிப்படுக்கு மாவு', செயலுக்கு 'மடித்தடுக்கல்' என்பது என் முன்மொழிவு. அடுப்படியிலும் இது புழங்கும்: வெண்ணெய் 35 டிகிரிக்குள்ளேயே உருகிவிடுவதால் சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறையில் மாவைத் தேய்த்தால் அடுக்கு நிற்காது, அப்போது மாஸ்டர் "மடிப்பு கலைஞ்சிருச்சு" என்று சொன்னால் உதவிக்கு நிற்கும் பையனுக்கு அடுத்த நொடியே புரியும்.

சுவைப் பெயர்களுக்குப் புதுச்சொல் தேடி அலைய வேண்டாம். கினாகோவை 'வறுத்த சோயா மாவு' என்றும் அன்கோவைப் 'பயற்றுப் பூரணம்' என்றும் சொல்லிவிடலாம். மச்சாவை மட்டும் 'பச்சைத் தேயிலைப் பொடி' ஆக்கிவிடாதீர்கள். பறிப்பதற்குச் சில வாரம் முன்பே செடிக்கு நிழல் கட்டி, இலையை ஆவியில் காட்டி உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கிக் கல்லில் அரைப்பது அது, சாதாரணக் கிரீன் டீயைப் பொடித்தால் அந்த நிறமும் வராது சுவையும் வராது. எழுதும்போது மட்சா வேண்டாம், மச்சா என்றே எழுதுவோம், ஜப்பானிய ஒலிப்புக்கு நம் 'ச்ச' கச்சிதமாகப் பொருந்துகிறது.

மடித்தடுக்கல் நீளம் என்று நினைப்பவர்கள் இதைவிடச் சுருக்கமாக ஒன்று சொல்லுங்கள், மடிப்பு மட்டும் விட்டுப்போகக் கூடாது.